யாங்கோனில் ஓர் ஆட்டுக்குட்டியைப் பழித்த கதை

யாங்கோனில் இறங்கிய மறுநாள் காலை நான் செய்த முதல் காரியம், கைலியைப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தது. நம் ஊரில் கைலியை இடுப்பின் ஓரத்தில் செருகினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே ஆண்கள் தொப்புளுக்கு நேராக முடிச்சுப் போடுகிறார்கள். ஓரத்தில் செருகுவது பெண்கள் வழக்கம். மொஹிங்கா விற்கும் அம்மாள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு பெரிய கும்பிடு ஒன்று போட்டேன். அவள் மீன் குழம்பில் மூழ்கிய அந்த அரிசி நூடுல்ஸில் இன்னொரு கரண்டி ஊற்றிக் கொடுத்தாள். ஆகவே முதல் காரியத்தால் லாபம்தான்.

இரண்டாவது காரியம் அன்று மாலை நடந்தது. அதில் லாபம் ஒன்றும் இல்லை.

நான் ஓவியன் இல்லை. ஓவியக் கல்லூரியில் ஓவிய வரலாறு நடத்துகிறவன். நீச்சல் தெரியாதவன் கரையில் நின்றுகொண்டு காலை உதை, கையை வீசு என்று கத்துவது போன்ற உத்தியோகம். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில், இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலத்துப் பீட ஓவியம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். குழந்தையை மடியில் வைத்திருக்கும் மாதா, இரண்டு பக்கமும் இரண்டு புனிதர்கள், காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி. அதை ஆரம்பித்த குரு பாதியில் செத்துப்போனார். அவருடைய பட்டறைச் சீடர்கள் முடித்து வைத்தார்கள். எந்த இடம் குருவின் கை, எந்த இடம் சீடர்களின் கை என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் அந்தச் சண்டையை ஆறு பக்கத்தில் முடித்து வைத்தேன். கண்ணுள்ளவனுக்குக் குருவின் கை தப்பாது என்று கடைசி வரி. இத்தாலிக்கு நான் போனதில்லை. ஒரு புத்தகத்தில் இருந்த உள்ளங்கை அளவுப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதியது.

அந்த ஆறு பக்கம் எப்படியோ கடல் தாண்டி, யாங்கோனில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் கோவிலின் சாமியாரான ஃபாதர் பெஞ்சமின் கைக்குப் போயிருக்கிறது. அவர் ரோமில் படித்தவர். அதே ஓவியத்தின் அச்சுப் படத்தைச் சுருட்டி எடுத்து வந்து வைத்திருந்தார். கோவிலில் இருந்த பழைய பீடத்துப் படம் மழை ஒழுகி அழிந்துவிட்டதால், இத்தாலிப் படத்தைப் பார்த்துப் பெரிதாக வரைந்து தரும்படி சவரிமுத்து என்பவரிடம் கேட்டார்கள். யாங்கோனில் சினிமா பேனர் என்றால் ஒரு காலத்தில் அவர்தான். வாத்தியாருக்குப் பர்மியச் சொல் ஸயா. ஊரே அவரை ஸயா சவரி என்கிறது.

ஸயாவுக்குப் பாதியில் பக்கவாதம் வந்துவிட்டது. படத்தை அவருடைய பட்டறை ஆட்கள் முடித்துக் கொடுத்தார்கள். இங்கேதான் சிக்கல். கோவில் கமிட்டி அவரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில், மாதாவின் முகமும் கைகளும் ஸயாவின் சொந்தக் கையால் வரையப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. முகத்தை ஸயா முன்பே முடித்துவிட்டார் என்றது பட்டறை. கமிட்டிச் செயலாளர் நம்பவில்லை. முகம் அவர் வரைந்தது இல்லையென்றால் படம் பீடத்தில் ஏறாது என்று நின்றுவிட்டார். திருவிழாக் கொடி ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறது. வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னை அழைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய ஒப்பந்தங்களிலும் இதே நிபந்தனை உண்டு. துணி மடிப்பு, வானம், மலை எல்லாம் சீடன் வரையலாம். முகம் மட்டும் குரு. பேனர் கடையிலும் அதே சட்டம்தான் என்று ஃபாதர் சொன்னார். ஸயா முகம் போடுவார், மற்றவர்கள் சட்டை போடுவார்கள்.

மாலையில் கோவில் கூடத்துக்குப் போனேன். ஊர் முழுக்க வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஸ்டியரிங்கும் பெரும்பாலும் வலப்பக்கமே. ஆகவே டாக்ஸியில் முன்னால் உட்கார்ந்தவன் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். நான் இறங்கினேன். இரண்டு பஸ்கள் என்மேல் இரக்கப்பட்டன.

கூடத்தில் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் தரையெல்லாம் மெழுகு சிந்தியிருந்தது. யாரோ மல்லிகைச் சரம் ஒன்றைச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். கமிட்டிச் செயலாளர் ஊ ஸ்டீபன் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்கள் பெயருக்கு முன்னால் ஊ போட வேண்டும். அவர் மனைவி டோ ரோசி. பெண்களுக்கு டோ. என் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதை அவர்கள் கடைசிவரை தள்ளி வைத்தார்கள் போலிருக்கிறது. எப்போதும் வெறும் சார்.

பார்க்க ஆரம்பித்ததும் மின்சாரம் போயிற்று. யாங்கோனில் இது செய்தி இல்லை. எல்லோரும் அசராமல் போன் டார்ச்சைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் மாதாவின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. இத்தாலி மாதா குழந்தையைப் பார்ப்பாள். இந்த மாதா தலையைச் சற்று நிமிர்த்தி வாசலைப் பார்த்தாள். நேரமாகியும் வீடு திரும்பாத யாரையோ எதிர்பார்க்கிற முகம். கோபம் தீர்ந்துவிட்டது, கவலை தீரவில்லை.

பேச்சு நின்றதைப் பெருந்தன்மையாகக் கருதி அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. இது குருவின் கை, சந்தேகமே இல்லை, இந்தக் கண் இமையைச் சீடன் வரைய இன்னொரு பிறவி வேண்டும் என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினேன். ஊ ஸ்டீபன் நோட்டில் எழுதிக்கொண்டார். முகம் எல்லோருக்கும் மலர்ந்தது. கூட்டம் மலர்ந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. டார்ச்சைக் கீழே இறக்கி ஆட்டுக்குட்டியைக் காட்டினேன்.

கால்கள் நான்கும் நான்கு திசையில் போயின. முதுகுக் கோடு நடுங்கி நடுங்கி எங்கேயோ ஏறி எங்கேயோ இறங்கியது. இது நேற்றுச் சேர்ந்த பயல் வரைந்தது, இது ஆடா நாயா என்று மாதாவுக்கே குழப்பம், அதனால்தான் அவர் வாசலைப் பார்க்கிறார் என்றேன். கூடம் அதிர்ந்து சிரித்தது. திருவிழாவுக்குள் இதை மட்டும் அழித்துத் திரும்ப வரைந்துவிட்டால் குறையொன்றும் இல்லை என்று முடித்தேன். ஊ ஸ்டீபன் அதையும் எழுதிக்கொண்டு, வாசலோரம் நின்ற பட்டறைப் பெண் ஒருத்தியிடம், செல்வி, சனிக்கிழமைக்குள் ஆட்டைச் சரி செய்துவிடு என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னத்தில் சந்தனம்போல் அரைத்த தனக்கா மரப்பட்டைப் பூச்சு, நகக்கண்களில் பெயிண்ட். கூடத்தில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் ஸயாவைப் பார்த்து மரியாதை செய்துவிட்டு வரலாம் என்று, பட்டறை இருக்கும் பபேடான் பகுதிக்குக் கிளம்பினேன். முதலில் டீக்கடை. அங்கே பரிமாறுகிறவரைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் சத்தம் எழுப்புகிறார்கள். எல்லோரும் செய்கிறார்களே என்று நானும் முயன்றேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய்க் கையைக் காட்டியே டீ வாங்கிக்கொண்டேன். கெட்டிப்பாலில் கரண்டி நட்டால் நிற்கும் டீ. கூடவே சமோசாவைக் கத்தரியால் வெட்டி, கோஸும் புதினாவும் புளித்தண்ணீரும் போட்டுப் பிசைந்து தந்தார்கள். சமோசாவுக்கு இப்படி ஒரு மறுபிறவி உண்டு என்று நம் ஊரில் யாரும் அதற்குச் சொல்லவில்லை.

பஸ் எண்கள் பர்மிய எழுத்தில் இருந்தன. எல்லாம் வட்டம். ஒரு தட்டு ஜாங்கிரியில் எந்த ஜாங்கிரி பபேடான் போகும் என்று எப்படித் தெரியும்? ஏறினேன். பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது சந்தேகம் வந்தது. லைங் தாயாவில் கார்மென்ட் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. டிபன் கேரியரோடு இறங்கிய இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த முதியவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. வேலை தேடி வந்திருக்கிறார் போல, இந்த வயதில் மெஷினில் உட்கார இடுப்பு தாங்குமா என்று கேட்கிறார்கள் என மொழிபெயர்த்தார். தாங்காது என்று சொல்லச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்து, சரியான பஸ்ஸில் ஏற்றி, டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் என்னை முதல்நாள் சேர்த்தபோதுகூட இவ்வளவு பத்திரமாகச் சேர்க்கவில்லை.

பட்டறை ஒரு பிரியாணிக் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவிலுள்ள சந்தில் இருந்தது. உள்ளே ஏணிகள், டப்பாக்கள், பாதி துடைத்த நடிகை ஒருத்தியின் கன்னம். கோ மின் என்கிற பர்மிய இளைஞர் ஒரு மருந்துக் கடைப் பலகைக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாதாவின் நீல அங்கி அவர் வேலை. பிரம்பு நாற்காலியில் ஸயா சவரி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில், வேறு யாருடைய சாமானையோ பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போனதுபோலக் கிடந்தது.

கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த காபித்தூளைக் கொடுத்தேன். இடது கையை நீட்டி வாங்கினார். அந்த ஊரில் இடது கையால் வாங்குவது மரியாதை இல்லை. அந்தக் கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் நான் பார்த்தது முகத்தை இல்லை. இடது கைக் கட்டைவிரல் நகத்தைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட், கழுவியும் போகாமல் ஒட்டியிருந்தது. ஆட்டுக்குட்டியின் வெள்ளை.

ஏணிக்குப் பக்கத்தில் பிரஷ்ஷும் துணியுமாகச் செல்வி நின்றிருந்தாள்.

அவளைப் பார்த்தேன். அவள் என்னைச் சந்துக்குக் கூட்டிப்போனாள். ஆமாம், ஆடு ஸயா வரைந்ததுதான். வலது கையும் பாதிப் பேச்சும் போன பிறகு, அவருக்கு எட்டும் உயரத்தில் இருந்தது அது ஒன்றுதான். நாற்காலியைப் படத்துக்குப் பக்கத்தில் போடச் சொல்லி, தினமும் காலை கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மாதம் வரைந்திருக்கிறார். நேற்று ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது அவருக்குத் தெரியாது. இவர்கள் சொல்லவில்லை.

“நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்க விருந்தாளி சார். அத்தினி பேரு முன்னாடி எப்படிச் சொல்றது. ஆநா இல்லையா.”

ஆநா என்பது பர்மியச் சொல். எதிரில் இருப்பவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட மனம் வராமல், தான் அந்தச் சங்கடத்தைச் சுமந்துகொள்வது. நம் மொழியில் அதற்குச் சரியான சொல் இல்லை. நம் டீக்கடைகளை நினைத்துப் பார்த்தால் அதற்கு அவசியம் வந்ததாகவும் தெரியவில்லை.

“அப்ப மாதா முகம்?”

அவள் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தாள்.

“ஸயா பக்கத்துல இருந்தாரு. கண்ணாலயே சொல்லுவாரு. புருவத்தத் தூக்கினா அழிச்சுட்டுத் திரும்பப் போடணும்.”

“போட்டது?”

“நாந்தான் சார்.”

அந்த இமைகளுக்கு இன்னொரு பிறவி வேண்டும் என்று நான் சொன்ன சீடன் இவள்தான். பாராட்டிய இடத்தில் குருவும் இல்லை, பழித்த இடத்தில் பயலும் இல்லை. கண்ணுள்ளவனுக்குத் தப்பாது என்று எழுதியவனுக்கு இரண்டும் தப்பியிருந்தன.

செல்வி நிலைமையை எனக்கு எளிமையாக விளக்கினாள். ஆட்டை அழிக்கக் கூடாது என்றால் அது ஸயாவின் இடது கை என்று சொல்ல வேண்டும். ஆட்டில் என் தீர்ப்பு தப்பு என்றானால் முகத்திலும் அது நிற்காது; வலது கை எப்போது போயிற்று, முகம் எப்போது போட்டது என்று ஊ ஸ்டீபன் தேதி கேட்பார். குமாஸ்தா ஆயிற்றே.

“ஆட்டக் காப்பாத்தினா மாதா வெளிய. மாதாவக் காப்பாத்தினா ஆடு போச்சு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். ஆட்ட நானே அழிச்சிடறேன். ஸயா கோயிலுக்கு வந்து பாக்கறதுக்குள்ள ஏதாச்சும் சொல்லிக்கலாம்.”

தான் வரைந்த முகத்துக்குப் பதிலாக அவருடைய ஆட்டைக் கொடுக்கிறோமோ என்ற வேதனை அவள் குரலில் இருந்தது. உள்ளேயிருந்து ஸயா எட்டிப் பார்த்தார். காபித்தூளை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அதற்குத் தகுதியான ஆளே இல்லை.

அன்று முழுவதும் லப்பெத் சாப்பிட்டுக்கொண்டு யோசித்தேன். ஊறவைத்த தேயிலையை வேர்க்கடலையும் வறுத்த பூண்டும் போட்டுக் கலந்தது. டீ குடித்தால் மூளை விழிக்கும் என்றால், டீயைத் தின்றால் என்னவெல்லாம் விழிக்கும்? மனசாட்சி விழித்தது. அது ஒன்றுதான் வேண்டாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை நல்ல மழை. கூடத்தில் கமிட்டி, கயிறு கட்டிப் படத்தை ஏற்ற வந்த ஆறு பேர், பூக் கட்டும் பெண்கள். செல்வி ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டோடு ஆட்டின் முன்னால் குந்தியிருந்தாள். இன்னும் திறக்கவில்லை. நான் ஊ ஸ்டீபனிடம் போய், முந்தாநாள் நான் சொன்னதெல்லாம் தப்பு என்றேன்.

“எது தப்பு சார்?”

எல்லாம் என்றேன். ஆடு ஸயாவின் கை. முகம் செல்வியின் கை. ஒப்பந்தத்தின்படி பார்த்தால் இதில் ஸயா வரைந்தது முதலில் போட்ட கோடுகளும் கடைசியில் போட்ட ஆடும்தான். ஆனால் அந்த முகத்தைவிட நல்ல முகத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை என்றும் சொன்னேன். என் வாக்குக்கு அந்நேரம் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஊ ஸ்டீபன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, அந்த வரியை எனக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தார்.

“எழுத்துல இருக்கு சார். கையெழுத்து வெச்சிருக்கோம். செல்விமேல எனக்கு ஒரு வருத்தமும் கெடயாது. ஆனா இது ஏற முடியாது. கயித்த அவுத்துடுங்கப்பா.”

ஆறு பேரும் ஃபாதரைப் பார்த்தார்கள். ஃபாதர் ஊ ஸ்டீபனைப் பார்த்தார். அப்போது பூக் கட்டிக்கொண்டிருந்த டோ ரோசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“இந்தாங்க. மகன் மலேசியாவுலேர்ந்து போன் பண்ணாம இருந்தானே, அப்பல்லாம் நான் தெனம் எங்க போயிட்டு வந்தேன்னு நெனைக்கிறீங்க?”

ஊ ஸ்டீபன் மார்க்கெட்டுக்கு என்றார்.

“இங்கதான். இந்த மெழுகு அத்தனையும் யாரு சிந்தினதுன்னு கேளுங்க. நான், மரியா, கீழ்வீட்டு சாந்தி. அவ இந்துப் பொண்ணு. எல்லாத்தயும் இந்த மாதாகிட்டச் சொல்லியாச்சு. அவனும் போன் பண்ணிட்டான். இப்ப வந்து, நீ செல்வி வரைஞ்ச மாதா, நீ வேணாம், போன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் சொல்றது?”

பூக் கட்டும் பெண்கள் ஒருத்தியும் நிமிரவில்லை. ஆனால் ஒருத்தியும் பூக் கட்டவும் இல்லை. ஊ ஸ்டீபன் தரையிலிருந்த மெழுகைப் பார்த்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் காகிதம் பார்த்த மனிதர். சரக்கு ஏற்கெனவே இறங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். இந்த மாதிரி விஷயத்தைக் கமிட்டியில் முதலிலேயே சொல்லக் கூடாதா என்று மனைவியைக் கேட்டார். கமிட்டியில் பெண்கள் ஏது என்றார் டோ ரோசி. மாதாவைத் தவிர அங்கே யாரும் ஊ ஸ்டீபனை நேராகப் பார்க்கவில்லை.

அந்நேரம் வாசலில் ஒரு சைக்கிள் ரிக்ஷா வந்து நின்றது. கோ மின் பிடித்துக்கொள்ள, ஸயா சவரி மழையில் பாதி நனைந்து உள்ளே வந்தார். படம் ஏறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டுமாம். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம். நாற்காலி போட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்தார், நீல அங்கியைப் பார்த்தார், கடைசியில் ஆட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். செல்வி பெயிண்ட் டப்பாவைப் பாவாடைக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். அவர் கவனித்துவிட்டார். எதற்கு என்று புருவம் உயர்ந்தது.

மறைக்க இனி என்ன இருக்கிறது? நான் முன்னால் போய், அந்த ஆட்டை நான்தான் பழித்தேன் என்று சொல்லிவிட்டேன். நாய் என்றதையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

ஸயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆட்டை ஒருமுறை பார்த்தார். அவருடைய வாயின் ஒரு பக்கம் சிரிப்புக்குப் போயிற்று. மறு பக்கம் வரவில்லை.

“அவரு… சொன்னது… சரி” என்றார் செல்வியிடம். “ஆடு… நல்லால்ல.”

இடது கையை அவளிடம் நீட்டினார். பிரஷ் கேட்கிறார். இல்லை, டப்பாவைக் காட்டி, ஆட்டைக் காட்டி, நீ போடு என்கிறார். உண்மையில் அந்த ஆட்டுக்கு வக்காலத்து வாங்கி நின்றவன் நான்தான். வரைந்தவர் என் பழைய கட்சிக்குப் போய்விட்டார்.

“இருக்கட்டும் ஸயா” என்றாள் செல்வி.

அவர் புருவத்தைத் தூக்கினார். அந்தப் பட்டறையில் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று கோ மின் பின்னால் என்னிடம் சொன்னார். அந்தப் புருவத்துக்காக மாதாவின் முகத்தையே பல தடவை அழித்துப் போட்டவள் அவள்.

“மாட்டேன் ஸயா” என்றாள். சத்தம் கூட்டவில்லை. டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றோடு நின்றவர்களைப் பார்த்துத் தூக்குங்கள் என்றாள்.

ஆறு பேரும் இழுத்தார்கள். படம் தரையை விட்டு எழும்பியது. ஸயா நாற்காலியிலிருந்தபடியே எட்டி, கட்டைவிரலால் ஆட்டின் முதுகைத் திருத்தப் பார்த்தார். ஒரு விரற்கடை தூரத்தில் தவறிப்போயிற்று. ஆட்டுக்குட்டி நான்கு கால்களையும் நான்கு திசையில் வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே, யார் கையும் எட்டாத இடத்துக்கு ஏறிப்போயிற்று.